கண் கேட்டவருக்கு ஊன்றுகோல்



‘பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்’ என்பது நம் முன்னோர் பட்டறிந்து சொன்ன பழமொழி. துன்பம் தனித்து வருவது அரிது. தந்தைக்கு வேலை போகிறது. சில மாதங்களில் அவருக்கு நீரிழிவு முற்றிக் காலில் புண் வருகிறது. மருத்துவச் செலவுக்காகத் தாயின் நகைகள் அடகுக் கடைக்குச் செல்கின்றன. வீட்டு வாடகை நிலுவையில் நிற்கிறது. இறுதியில், வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்து உற்சாகமாய்ப் பதில் சொன்ன பிள்ளை பின்வரிசைக்குப் போய், பிறகு பள்ளிக்கே வராமல் நின்றுவிடுகிறது. தமிழ்ப்பள்ளியில் பணியாற்றும் எந்த ஆசிரியரும் இத்தகைய குடும்பம் ஒன்றையேனும் அறிந்திருப்பார்.

அத்தகைய வீடுகளிலிருந்து எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். “வெள்ளிக்கிழமை விளக்கேற்றாத நாளில்லை, எடுத்த விரதம் தவறியதில்லை, பிறகு ஏன் எங்களுக்கு மட்டும் மேலும் மேலும் துன்பம்?”

நியாயமான கேள்வி இது. ஆயினும், கேட்டவர் மனம் ஆறும்படி விடை சொல்பவர் மிகச் சிலரே. ‘எல்லாம் நன்மைக்கே’ என்பார் ஒருவர். ‘முற்பிறவி வினை’ என்பார் மற்றொருவர். ‘பரிகாரம் செய்தால் சரியாகிவிடும்’ என்பார் மூன்றாமவர். இம்மூன்றும் இறைநம்பிக்கையின் பெயரால் சொல்லப்படுகின்றன. ஆனால், இம்மூன்றில் எதுவுமே இறைநம்பிக்கை அன்று என்பது என் கருத்து. ஏன் என்பதை இங்கே எடுத்துரைக்க விழைகிறேன்.

கொடுத்து வாங்கும் பக்தி

நம் பிள்ளைகளுக்குக் கடவுளை நாம் எவ்வாறு அறிமுகம் செய்கிறோம் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். ‘நன்றாகக் கும்பிட்டால் நல்ல மதிப்பெண் கிடைக்கும்.’ ‘பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்.’ தேர்வு வந்தால் எழுதுகோலை வைத்துச் சிறப்புப் பூசை. 2021ஆம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்படும் வரையில், ஆண்டுதோறும் அத்தேர்வுக்கு முன்னர் இத்தகைய வழிபாடுகளை நாம் கண்டுள்ளோம். எஸ்.பி.எம். தேர்வுக்கு இன்றும் அது தொடர்கிறது. வழிபாட்டை நான் குறை கூறவில்லை. தேர்வுக்கு முன் இறைவனை வணங்குவது பிள்ளையின் மனத்தை ஒருமுகப்படுத்தும். ஆனால், வணக்கத்தை விலையாகவும் மதிப்பெண்ணைச் சரக்காகவும் காட்டிவிட்டால், பிள்ளையின் மனத்தில் கடவுள் ஒரு கடைக்காரராக அமர்ந்துவிடுகிறார்.

கடைக்காரர்மேல் நமக்கு இருப்பது எத்தகைய நம்பிக்கை? பணம் கொடுத்தும் சரக்கு வராவிட்டால் வேறு கடைக்குப் போய்விடுவோம் அல்லவா? துன்பம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும்போது நம் குடும்பங்கள் பலவற்றில் நடப்பது இதுவே. இந்தக் கோயில், அந்தக் கோயில், குறிசொல்பவர், மந்திரித்த கயிறு, ஆயிரக்கணக்கான ரிங்கிட்டில் பரிகாரப் பூசை என்று அலைச்சல் பெருகுகிறது. அதற்குப் பணம் போதாவிட்டால் வட்டி முதலைகளிடம் கடன். ஏற்கெனவே இருந்த துன்பம் நான்கு என்றால், இப்போது ஐந்து! நோய்க்கு உரிய காலத்தில் மருத்துவமனைக்குப் போகாமல் காலம் கடத்துவதும் இந்த அலைச்சலின் விளைவுகளுள் ஒன்று.

நன்மை வரும் என்பதற்காக நம்புவது எதிர்பார்ப்பு மட்டுமே. அது தோற்றால் ஏமாற்றமாகும். நம் சமய மரபு காட்டும் நம்பிக்கையோ வேறு வகையானது.

திலகவதியார் காட்டிய வழி

சேக்கிழார் பெருமான் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயற்றிய பெரிய புராணத்தில் திலகவதியார் வரலாற்றைப் படித்தவர்கள் இதனை உணர்வார்கள். திருநாவுக்கரசரின் தமக்கை என்னும் அளவில் மட்டும் அவரை நாம் பாடத்தில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். உண்மையில், துன்பம் தொடர்ந்து பெருகும்போது ஒருவர் எப்படி நிற்கவேண்டும் என்பதற்கு அவரைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

திருவாமூரில் புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகளாய்ப் பிறந்தவர் அவர். பன்னிரண்டு வயதளவில் கலிப்பகையார் என்னும் படைத்தலைவருக்கு மணம் பேசப்பட்டது. திருமணம் நடைபெறும் முன்னரே தந்தை நோயால் இறந்தார். தாயும் உடன் உயிர்நீத்தார். அரசன் ஆணைப்படி போர்க்களம் சென்ற கலிப்பகையாரும் அங்கேயே மாண்டார். சிறுமிப் பருவம் கடக்கும் முன்னரே பெற்றோரும் இல்லை. மணக்க இருந்தவரும் இல்லை. தாமும் உயிர்விடத் துணிந்தார் திலகவதியார். தம்பி மருள்நீக்கியார், ‘நீங்களும் போனால் உங்களுக்கு முன்னே நான் போவேன்’ என்னும் பொருள்பட அழுது தடுத்தார். தம்பிக்காக அவர் உயிர் தாங்கினார்.

துன்பம் அத்துடன் நின்றதா? இல்லை. எந்தத் தம்பிக்காக வாழ்ந்தாரோ, அந்தத் தம்பியே சமண சமயத்தைச் சார்ந்து, தருமசேனர் என்னும் பெயரோடு தமக்கையை விட்டு நீங்கினார். இப்போது திலகவதியாருக்கு மிஞ்சியது என்ன?

இவ்விடத்தில் அவர் செய்ததைக் கவனியுங்கள். திருவதிகை வீரட்டானம் சென்றார். விடியுமுன் எழுந்து கோயிலைக் கூட்டினார், தரையை மெழுகினார், மலர் பறித்து மாலை தொடுத்தார். நாள்தோறும் இதுவே அவர் பணி. தம்பி திரும்ப வேண்டும் என்று இறைவனிடம் வேண்டவும் செய்தார். ஆயினும், வேண்டுதல் பலிக்கும் வரையில் பணி நிற்கவில்லை. பின்னர் ஒருநாள், சூலை நோயால் துடித்த தம்பி இரவோடு இரவாகத் தமக்கையைத் தேடி வந்தார். வந்தபோது, அவருக்குத் திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துச் செல்லத் தமக்கை அங்கே இருந்தார். அவர் துன்பத்தில் ஓய்ந்து போயிருந்தால், தம்பி திரும்பி வந்திருந்தாலும் அவரை ஏற்க ஆள் இருந்திருக்காது.

இதிலிருந்து நான் பெறும் கருத்து இதுவே. இறைவனை நம்புவது என்பது, துன்பம் நாளை தீரும் என்று நாள்காட்டியைப் பார்த்துக் கொண்டிருப்பது அன்று. துன்பம் தீராத இன்றைய நாளிலும் இன்றைய கடமையைச் செய்யும் வலிமையே நம்பிக்கை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திருநாவுக்கரசர் இறைவனிடம் திரும்பிய பிறகு அவருக்கு வந்தவை எவை? சுண்ணாம்புக் காளவாய், நஞ்சு கலந்த பாற்சோறு, ஏவிவிடப்பட்ட யானை, கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட கொடுமை. நம்பியதால் துன்பம் குறையும் என்பது உண்மையானால், அவர் வரலாறு இந்த வரிசையில் அமைந்திருக்க முடியாது. நம்பிக்கைக்குப் பிறகே பெருந்துன்பங்கள் வந்தன. எனவே, ‘உனக்குத் துன்பம் பெருகுகிறது, ஆகவே உன் பக்தியில் குறை’ என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

முதலில் கிடைத்தது ஊன்றுகோல்

சரி, அழுவதற்கும் கேட்பதற்கும் இடமே இல்லையா? நிறைய இருக்கிறது. சுந்தரமூர்த்தி நாயனார் வரலாறு அதற்குச் சான்று.

திருவொற்றியூரில் சங்கிலியாருக்கு அளித்த சூளுறவை மீறிப் புறப்பட்ட சுந்தரர் இரு கண்களின் பார்வையையும் இழந்தார். அவருடைய துன்பம் அவருடைய பிழையால் வந்தது. திலகவதியாரின் நிலை அவ்வாறு அன்று. எனினும், பிழை செய்தவருக்கும் இறைவனிடம் முறையிடும் வாயில் மூடப்படவில்லை என்பதே இங்கே கருதத்தக்கது. பார்வை இழந்த நிலையில் அவர் ஊர் ஊராக நடந்தார். திருவெண்பாக்கத்தை அடைந்து, இறைவனிடம் உரிமையோடு முறையிட்டார். கேட்டது கண். கிடைத்ததோ ஓர் ஊன்றுகோல்! இன்றும் பூண்டி நீர்த்தேக்கத்தின் அருகே உள்ள அக்கோயிலின் இறைவனுக்கு ஊன்றீசுவரர் என்னும் பெயர் வழங்குகிறது.

கண் கேட்டவர் கோல் கிடைத்ததும் வெகுண்டு திரும்பிப் போகவில்லை. மனம் நொந்து பாடினார். கோலை ஊன்றி மேலும் நடந்தார். காஞ்சியில் ஒரு கண்ணின் பார்வை கிடைத்தது. உடலை வருத்திய பிணியொன்று திருத்துருத்தியில் நீங்கியது. திருவாரூரில்தான் மற்றொரு கண் கிடைத்தது. சென்னைக்கு வடபால் உள்ள ஒற்றியூர் எங்கே, சோழநாட்டுத் திருவாரூர் எங்கே! அத்தனை தொலைவையும் அவர் நடந்தே கடந்தார்.

பெற்றோர்களே, நமக்கும் உதவி இப்படித்தான் தவணை தவணையாக வருகிறது. வேலை வேண்டும் என்று வேண்டியவருக்கு முதலில் கிடைப்பது, வாரத்திற்கு மூன்று நாள் கூலிவேலையாக இருக்கலாம். நோய் நீங்க வேண்டும் என்று வேண்டியவருக்கு, நோயைக் கட்டுக்குள் வைக்கும் மருந்து கிடைக்கலாம். ‘நான் கேட்டது இதுவன்றே!’ என்று அதனைத் தள்ளிவிடாதீர்கள். அது ஊன்றுகோல். அதனை ஊன்றினால்தான் அடுத்த ஊர் வரும்.

யோபுவின் நண்பர்கள்

நம் பள்ளிகளில் கிறித்துவப் பிள்ளைகளும் இசுலாமியப் பிள்ளைகளும் பயில்கின்றனர். அவர்களுடைய மறைகளிலும் இதே கேள்வி எழுப்பப்பட்டுள்ளது. விவிலியம் யோபு என்றும், இசுலாமியர் அய்யூப் நபி என்றும் போற்றும் பெரியாரை அறியாதவர் இலர். விவிலியத்தின்படி, நல்லவராய் வாழ்ந்த யோபு தம் ஏழு ஆண்மக்களையும் மூன்று பெண்மக்களையும், ஆயிரக்கணக்கான ஆடுகளையும் ஒட்டகங்களையும் இழந்தார். பின்னர் உடல் முழுதும் கொப்புளங்கள்.

அவரைக் காண நண்பர்கள் மூவர் வந்தனர். ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். அவர்கள் செய்ததிலேயே சிறந்தது அந்த மௌனம்தான்! வாய் திறந்த பிறகோ, ‘நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், அதனால்தான் இத்துன்பம்’ என்று விளக்கம் சொல்லத் தொடங்கினர். இறுதியில் இறைவன் கடிந்து கொண்டது யாரை? ‘ஏன்?’ என்று கதறிய யோபுவை இறைவன் கேள்விகளால் எதிர்கொண்டது உண்மை. ஆயினும், தம்மைப் பற்றிச் சரியானதைப் பேசவில்லை என்று அவர் சினந்தது அந்த நண்பர்களையே.

ஆசிரியர்களாகிய நாம் இதனை மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ள வேண்டும். துன்பப்படும் பெற்றோர் நம்மிடம் வரும்போது, நாம் முதல் ஏழு நாள் நண்பர்களாக இருக்கிறோமா, எட்டாம் நாள் நண்பர்களாக இருக்கிறோமா?

விடையில்லாத கேள்விகளும் உண்டு

இவ்வளவு சொன்ன பிறகும், எல்லாவற்றிற்கும் விடை கிடைத்துவிட்டதாக எண்ணுவது நேர்மையாகாது. நம் மலையகத் தமிழர் வரலாற்றிலேயே விடை காணமுடியாத ஒரு துயரம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் அமைத்த சயாம் - பர்மா இரயில் பாதைக்கு நம் தோட்டப்புறங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. காலரா, மலேரியா, பட்டினி, அடி, உதை எனப் பல வகையால் மாண்டவர்களில் பலருக்குக் கல்லறையும் இல்லை.

அவர்களும் கும்பிட்டவர்களே. அவர்தம் மனைவியரும் தோட்டத்து மாரியம்மனிடம் மன்றாடியவர்களே. அவர்களின் வேண்டுதல் ஏன் பலிக்கவில்லை? எனக்கு விடை தெரியாது. தெரிந்ததாகச் சொல்பவர்களை நான் நம்புவதும் இல்லை. ஆனால், ஒன்று தெரியும். திரும்பி வராதவர்களின் மனைவியர் அதே தோட்டங்களில் மறுநாளும் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவச் சென்றனர். பிள்ளைகளை வளர்த்தனர். அம்மன் கோயிலில் விளக்கும் அணையவில்லை. நம்மில் பலர் அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள்.

கும்பிட்ட கை உழைக்கவும் வேண்டும்

திருக்குறளின் அதிகார அமைப்பை மாணவர்களுக்குக் கற்பிக்கும்போது ஒன்றைச் சுட்டிக்காட்டலாம். ‘ஊழ்’ என்பது 38ஆம் அதிகாரம். ஊழின் வலிமையை வள்ளுவர் மறைக்கவில்லை. ஆனால், அதனோடு நூலை முடிக்கவும் இல்லை. 62ஆம் அதிகாரம் ‘ஆள்வினையுடைமை’. அடுத்து 63ஆம் அதிகாரம் ‘இடுக்கண் அழியாமை’. முயற்சியைச் சொன்ன கையோடு துன்பத்தில் கலங்காமையைச் சொல்கிறார். முயற்சியும் கலங்காமையும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன; பிரித்துப் பார்க்க வேண்டியவை அல்ல.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1950களிலும் அதனையடுத்தும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, தொழிலாளர் குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தன. கலங்கி நின்றவர்களைத் திரட்டி, 1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் பத்து வெள்ளி வீதம் செலுத்தி நூறு வெள்ளிப் பங்கினைத் தொழிலாளர்கள் வாங்கினர். கெடாவின் புக்கிட் சீடிம் தொடங்கித் தோட்டங்கள் அவர்கள் பணத்தால் வாங்கப்பட்டன. அந்தப் பத்து வெள்ளியைக் கொடுத்த கைகள், மாலையில் கோயிலில் குவிந்த கைகளே.

இன்னொரு சான்று அண்மைக் காலத்தது. பெருந்தொற்றால் 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. வருமானம் இழந்த குடும்பங்கள் மேலும் மேலும் நொடிந்தன. 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், உணவில்லாத வீடுகள் வெள்ளைக் கொடியைத் தொங்கவிட்டால் அண்டை அயலார் உதவலாம் என்ற வெள்ளைக் கொடி இயக்கம் பரவியது. இனம், சமயம் பாராமல் மக்கள் அரிசியும் எண்ணெயும் கொண்டுபோய் வைத்தனர். கொடி கட்டுவது மானக்கேடு என்று நாணியிருந்தால் அந்த உதவி எப்படி வந்திருக்கும்? இறைவனின் கை பெரும்பாலும் அண்டை வீட்டாரின் கையாகவே வருகிறது. கதவைத் திறந்து வைக்க வேண்டியது நம் பொறுப்பு.

நாம் செய்யத்தக்கவை

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் துன்பம் வந்தால் பள்ளிக்குத் தெரிவியுங்கள். வகுப்பாசிரியரிடமோ ஆலோசக ஆசிரியரிடமோ பேசுவதில் இழிவு ஒன்றுமில்லை. பிள்ளை ஏன் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்பதை அறியாத ஆசிரியர் கண்டிக்கத்தான் செய்வார். அறிந்த ஆசிரியர் அரவணைப்பார். அடுத்து, பிள்ளைகளிடம் உண்மையை அவர்கள் வயதுக்கேற்பச் சொல்லுங்கள். ‘அப்பாவுக்கு வேலை இல்லை, தேடிக்கொண்டிருக்கிறார், நாம் சிக்கனமாக இருப்போம்’ என்பது ஒரு பிள்ளையால் தாங்கக்கூடிய செய்திதான். இரவில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவதைப் பாதி கேட்டு, மீதியைத் தானே கற்பனை செய்துகொள்வதே அதற்குப் பெரும் பாரம். எத்தகைய நெருக்கடியிலும் அன்றாட ஒழுங்கைக் கைவிடாதீர்கள். காலையில் குளியல், ஒரு சிறு வழிபாடு, பள்ளி, மாலையில் பாடம் என்ற இவ்வொழுங்கே திலகவதியாரின் துடைப்பமும் மெழுக்கும் பூக்குடலையும் ஆகும்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்வேன். சமய வகுப்பிலும் நன்னெறிக் கல்வியிலும் அற்புதங்களை மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். கல் மிதந்ததைச் சொல்லும்போது, அதற்கு முன் அவர் காளவாயில் ஏழு நாள் இருந்ததையும் சொல்லுங்கள். கண் கிடைத்ததைச் சொல்லும்போது, முதலில் கோல் மட்டுமே கிடைத்ததையும் சொல்லுங்கள். அற்புதத்தை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை, தன் வீட்டில் அற்புதம் நிகழாதபோது கடவுளையும் இழக்கும், தன்னம்பிக்கையையும் இழக்கும். நடந்து கடந்த கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளையோ, தானும் ஓரடி எடுத்து வைக்கும். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு எதிரே தொடர்ந்து வராமைக் குறி விழுந்தால், அறிவுரைக்கு முன்னர் அவ்வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். நாம் கொண்டு செல்லும் ஒரு பொட்டலம் அரிசியும், பத்து நிமிட மௌனமும், ‘நாளை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள்; மற்றதைச் சேர்ந்து பார்ப்போம்’ என்னும் ஒரு சொல்லும் அவர்களுக்கு ஊன்றுகோல் ஆகலாம்.

கண்ணைத் தருவது இறைவன் செயல். கோலாக இருப்பது நம்மாலும் இயலும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.